பார்சிலோனா போக எந்த மாசம் நல்லது? விசா தேதியில இருந்து ரூம் வாடகை வரைக்கும் ஒரு கணக்கு

பார்சிலோனாவுக்கு எந்த மாசம் போறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள எனக்கு மண்டை காஞ்சுடுச்சு. ஒருத்தர் ஜூலை சூப்பர்ங்கிறார், இன்னொருத்தர் ஜூலை பக்கமே போயிடாதீங்கங்கிறார், நெட்ல தேடினா ஐரோப்பாக்காரங்க அவங்க உடம்புக்கு எது குளிர் எது வெயில்னு எழுதி வச்சிருக்காங்க, அது சென்னையில இருந்து போறவங்களுக்கு ஒத்தே வராது. அதுவும் போக, அவங்க நெனச்ச வாரம் கிளம்பிடலாம், நாம விசா வாங்கிட்டுதான் கிளம்பணும். அதனால நமக்கு மாசத்தை முடிவு பண்றதுல வானிலை பாதிதான், மீதி விசா தேதி, பசங்க ஸ்கூல் லீவு, அந்த வாரத்து ரூம் வாடகை எல்லாம் சேர்ந்ததுதான். எதை முதல்ல பாத்து எதை அப்புறம் பாத்தா அலைச்சல் குறையும்னு கீழ வரிசையா எழுதியிருக்கேன்.

அவசரமா இருக்குறவங்களுக்கு என் முடிவை இப்பவே சொல்லிடுறேன். கடல்ல இறங்கி குளிக்கணும்னா செப்டம்பர் ரெண்டாம் பாதி. ஊரை நடந்து பாக்கணும்னா மே. செலவு கம்மியா முடிக்கணும்னா ஜனவரி நடுவுல இருந்து பிப்ரவரி நடு வரைக்கும். ஆகஸ்ட் மட்டும் முடிஞ்சா வேண்டாம்.

1. கடலா, ஊரா? இதை முதல்ல முடிவு பண்ணுங்க

நிறைய பேர் சறுக்குறது இங்கதான். மே மாசம் போட்டோவுல பீச் பளபளன்னு இருக்கும், ஜனங்க படுத்து வெயில் காய்வாங்க, அதை பாத்துட்டு ஸ்விம்சூட் எல்லாம் வாங்கிட்டு போவாங்க. ஆனா மத்தியதரைக் கடல் தண்ணி சூடாகவும் லேட் பண்ணும், ஆறவும் லேட் பண்ணும். பிப்ரவரியில தண்ணி சுமார் 13 டிகிரி, மே கடைசியிலயும் 17, 18 தான் இருக்கும், ஆகஸ்ட்ல 25, 26 வரைக்கும் ஏறும், செப்டம்பர் கடைசியிலயும் 23 பக்கம் நிக்கும், அக்டோபர் நடுவுல கூட 21 இருக்கும். மெரினாவுல நம்ம தண்ணி வருஷம் முழுக்க 26-க்கு கீழ பெருசா இறங்காது. அந்த பழக்கத்துல 17 டிகிரி தண்ணிக்குள்ள கால வச்சா முட்டி வரைக்கும் மரத்து போகும், பசங்க அலறிட்டு வெளிய ஓடி வந்துடுவாங்க.

அதனால மே மாசமும் செப்டம்பரும் "ரெண்டுமே நல்ல சீசன்"னு ஒரே வரியில போட்டிருந்தா நம்பாதீங்க. காத்துல வெயில் செப்டம்பர்ல கொஞ்சம்தான் அதிகம், கடல்லதான் அஞ்சாறு டிகிரி வித்தியாசம். குளிக்கிறது முக்கியம்னா செப்டம்பர்தான், அதுல யோசிக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு, பார்சலோனெட்டா பீச் ஊருக்கு பக்கத்துல இருக்குறதால எப்பவும் நெரிசல். குடும்பமா போறவங்க போகாட்டெல், நோவா இக்காரியா பக்கம் போங்க, இல்லன்னா ரயில் ஏறி ஒரு 40 நிமிஷத்துல சிட்ஜெஸ் போயிடலாம், அங்க கரை சின்னச் சின்ன வளைவா இருக்கும், அலையும் அமைதியா இருக்கும்.

2. மாசவாரியா எப்படி இருக்கும்

ஜனவரி, பிப்ரவரி: பகல்ல 14, 15 டிகிரி, ராத்திரி 5-ல இருந்து 8 வரைக்கும். பனி கொட்டுற ஊர் இல்ல. வானம் பெரும்பாலும் தெளிவா இருக்கும், ஒரு நல்ல ஜாக்கெட் இருந்தா பகல் பூரா வெளிய சுத்தலாம். கஷ்டம் என்னன்னா பகல் சின்னது, டிசம்பர் கடைசியில சாயங்காலம் அஞ்சரைக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும். ஆனா இந்த சீசன்ல ரெண்டு விஷயம் எனக்கு ரொம்ப புடிச்சது. ஒண்ணு சக்ராடா ஃபமிலியா சர்ச் உள்ள விழற வெளிச்சம். கிழக்கு பக்க கண்ணாடி நீலம் பச்சை, மேற்கு பக்கம் சிவப்பு ஆரஞ்சு, குளிர்காலத்துல சூரியன் தாழ்வா இருக்குறதால அந்த வெளிச்சம் சாய்வா ரொம்ப உள்ள வரைக்கும் வந்து தூண் மேலயும் தரையிலயும் படும். மத்தியானம் மூணரைக்கு மேல ஸ்லாட் எடுங்க, மேற்கு பக்கம் பூரா நெருப்பு கலர்ல இருக்கும். இன்னொண்ணு கல்சோட்னு ஒரு வெங்காயம், நம்ம வெங்காயத்தாள விட நல்லா தடியா நீளமா இருக்கும், ஜனவரியில இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும்தான் அதுக்கு முக்கிய சீசன். மேல் தோல் கருகுற வரைக்கும் தீயில சுட்டு கொண்டு வருவாங்க, அந்த கரிய உருவி எடுத்தா உள்ள வெள்ளையா வழவழன்னு இருக்கும், அதை ரோமெஸ்கோனு பாதாம் தக்காளி மிளகாய் அரைச்ச சாஸ்ல முக்கி தலைய பின்னாடி சாச்சு அப்படியே வாய்க்குள்ள விட்டுக்கணும். சைவம் சாப்பிடுறவங்களுக்கு இந்த ஊர்ல இது பெரிய வரம், கை பூரா கரியாகும், பரவாயில்ல.

மார்ச், ஏப்ரல்: மெதுவா சூடாகும், நடுவுல மழை வந்து போகும். ஈஸ்டர் வாரத்துல ஐரோப்பா முழுக்க லீவு, ரூம் விலை ஏறும், அந்த வாரம் வருஷா வருஷம் மாறும், அதனால முதல்ல ஈஸ்டர் தேதி பாத்துட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. ஏப்ரல் 23 சான் ஜோர்டி நாள், தெரு பூரா ரோஜாவும் புத்தகமும் விப்பாங்க, ஒருத்தருக்கொருத்தர் வாங்கி குடுத்துக்குவாங்க. அது லீவு நாள் இல்ல, கடையெல்லாம் திறந்திருக்கும், ஆனா ராம்ப்லாங்கிற பெரிய நடைபாதை தெருவுல நடக்க இடம் இருக்காது. புத்தகம் புடிச்சவங்க அன்னைக்கு அங்க இருக்குற மாதிரி பிளான் பண்ணுங்க, சொல்லி புரிய வைக்க முடியாத சந்தோஷம் அது.

மே: ஊர் சுத்த இதை விட நல்ல மாசம் இல்ல. பகல்ல 20-ல இருந்து 23, சாயங்காலம் ஒம்பது வரைக்கும் வெளிச்சம். நம்ம ஸ்கூல் லீவுலயே வருது. மே கடைசியில பிரிமவேரா சவுண்ட் இசை விழா நெருங்கும், அந்த வார வாடகை மட்டும் செக் பண்ணிக்கோங்க.

ஜூன்: முதல் பாதி நல்லா இருக்கும், கடலும் 20 டிகிரிய தாண்ட ஆரம்பிக்கும். ஜூன் 23 ராத்திரி சான் ஜுவான் திருவிழா, தெருவுல தீ மூட்டி, பீச்ல கூடி விடிய விடிய நம்ம தீபாவளி மாதிரி வெடிப்பாங்க. பசங்களுக்கு செம குஷியா இருக்கும், தூக்கம் முக்கியம்னு நினைக்கிறவங்களும் கைக்குழந்தை வச்சிருக்கவங்களும் பீச் பக்கத்துல ரூம் எடுக்காதீங்க. மறுநாள் 24 லீவு, கடைங்க பெரும்பாலும் மூடியிருக்கும், பீச்சையும் காலையில சுத்தம் பண்றதுக்காக மூடி வைப்பாங்க.

ஜூலை, ஆகஸ்ட்: 28, 30 டிகிரிதானே, நம்ம கத்திரி வெயிலுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வெயிலான்னு தோணும். ஆனா ராத்திரியும் நிறைய நாள் 20-க்கு கீழ இறங்காது, புழுக்கம் அதிகம், பழைய ஊர் பக்கம் இருக்குற நிறைய வீடுகள்ல ஏசியே கிடையாது. ஜன்னல திறந்தா கீழ தெருவுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சத்தம், மூடினா வேர்க்கும். அதோட ஆகஸ்ட்ல உள்ளூர்க்காரங்க லீவுல போயிடுவாங்க, குடும்பமா நடத்துற சின்ன ஓட்டல், பேக்கரி எல்லாம் ரெண்டு மூணு வாரம் ஷட்டர் இறக்கி கிடக்கும். ஊர்க்காரங்க இல்லாத ஊரை அதிக காசு குடுத்து பாக்குற மாதிரி ஆயிடும். வேற வழியே இல்லாம ஆகஸ்ட்ல போறவங்க, ரூம் புக் பண்ணும்போது ஏசி இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, "ஃபேன் இருக்கு"ன்னு சொன்னா விட்டுடுங்க.

செப்டம்பர், அக்டோபர்: செப்டம்பர் ரெண்டாம் வாரத்துக்கு மேல கூட்டம் கொஞ்சம் குறையும், கடல் இன்னும் சூடா இருக்கும். செப்டம்பர் 24-ஐ ஒட்டி லா மெர்சே திருவிழா, ஊரோட பெரிய விழா அதுதான். ஆள் மேல ஆள் ஏறி கோபுரம் கட்டுவாங்க, கடைசியில ஒரு குட்டி பையனோ பொண்ணோ உச்சிக்கு ஏறி கைய தூக்குற வரைக்கும் மொத்த மைதானமும் மூச்ச புடிச்சிட்டு நிக்கும். தெருவுல இலவச கச்சேரி நிறைய இருக்கும். ராத்திரி கோரேஃபோக்னு பிசாசு வேஷம் போட்டவங்க மத்தாப்பு சுத்திக்கிட்டே ஓடி வருவாங்க, அதுக்கு கிட்ட போறவங்க முழுக்கை பருத்தி சட்டை, தொப்பி போட்டுக்கோங்க, சிந்தெடிக் துணி போடாதீங்க, பொறி நிஜமாவே மேல விழும்.

நம்ம ஊர் காலாண்டு பரீட்சை லீவும் செப்டம்பர் கடைசியிலதான் வருது, ஒரு வாரம்தான் கிடைக்கும், ஆனா சரியா அந்த சமயம். பசங்கள வச்சிருக்கவங்க இதை யாருமே யோசிக்கிறதில்ல, எல்லாரும் மே மாசத்தையே புடிச்சு தொங்குறாங்க.

ஒரே எச்சரிக்கை மழை. வருஷத்துல அதிகமா மழை பெய்யறது செப்டம்பர், அக்டோபர்லதான், நாள் பூரா தூறாது, திடீர்னு கொட்டிட்டு நிக்கும். சில வருஷம் இது ரொம்ப மோசமாவும் போகும், 2024 அக்டோபர் 29 அன்னைக்கு வலென்சியா பக்கம் வந்த வெள்ளத்துல 200 பேருக்கு மேல செத்து போனாங்க, ரயில் பாதையெல்லாம் அடிச்சுட்டு போச்சு. பார்சிலோனால இருந்து வலென்சியா ரயில்ல போகலாம்னு இருக்கவங்க அக்டோபர் கடைசிய தவிர்த்துடுங்க, போனா ரிட்டர்ன் ஃப்ளைட்டுக்கு முந்தின நாளே பார்சிலோனா திரும்பிடுங்க. போன்ல எமர்ஜென்சி அலர்ட் வந்தா படிச்சு பாக்காம தள்ளி விடாதீங்க.

நவம்பர், டிசம்பர்: அமைதியா இருக்கும். நவம்பர் 1-ஐ ஒட்டி தெருமுனையில செஸ்ட்நட்டும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சுட்டு விப்பாங்க. டிசம்பர் 25, 26 ரெண்டு நாளும் லீவு, ஜனவரி 1-ம் 6-ம் லீவு, சாப்பாட்டுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கோங்க. அரையாண்டு லீவுல போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.

3. ரூம் விலை எகிற வைக்கிற வாரங்கள்

குளிர்காலம் சீப்புன்னு நம்பி பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம் டிக்கெட் போட்டுடாதீங்க. மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ்னு பெரிய செல்போன் கண்காட்சி அப்பதான் நடக்கும், உலகம் பூரா இருந்து லட்சத்துக்கு மேல ஆளுங்க வந்து இறங்குவாங்க, சாதாரண ஓட்டலே ரெண்டு மூணு மடங்கு கேக்கும். தேதி வருஷா வருஷம் கொஞ்சம் தள்ளும், அதனால அந்த வருஷத்து தேதிய பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அதே மாதிரி ஜூன்ல சோனார் இசை விழா நடக்கிற வாரமும், ஃபார்முலா ஒன் ரேஸ் நடந்தா அந்த வாரமும் விலை ஏறும்.

ஓட்டல் விலை பாக்கும்போது சுற்றுலா வரி அதுல சேர்ந்திருக்கான்னு பாருங்க. ஆளுக்கு, ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க, ஓட்டல் தரத்தை பொறுத்து மாறும், ஏழு ராத்திரி வரைக்கும்தான் கணக்கு. நெறைய இடத்துல செக்கின் பண்ணும்போது தனியா கேப்பாங்க.

அபார்ட்மென்ட் எடுக்கிறவங்க விளம்பரத்துல HUTB-ன்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. 2028 நவம்பரோட டூரிஸ்ட் அபார்ட்மென்ட் லைசென்ஸ் எதையும் புதுப்பிக்க மாட்டோம்னு மாநகராட்சி அறிவிச்சிருக்கு, லைசென்ஸ் இல்லாத வீட்டை காட்டி விசாவுக்கு தங்குற ஆதாரம் குடுத்தா சிக்கல் உங்களுக்குத்தான்.

4. விசாவை கடைசியில இருந்து எண்ணுங்க

ஸ்பெயினுக்கு போக ஷெங்கன் விசா வேணும், அது நிறைய ஐரோப்பிய நாடுகளுக்கு பொதுவான விசா. அதுக்கு பயண தேதிக்கு 6 மாசம் முன்னாடில இருந்து விண்ணப்பிக்கலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடியாவது குடுத்திருக்கணும். முடிவு வர சாதாரணமா 15 நாள், சந்தேகம் இருந்தா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம்னு சட்டமே சொல்லுது. அதனால 45 நாளையும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒரு மாசத்தையும் சேர்த்து கழிச்சுடுங்க.

மே 10 கிளம்பணும்னா நவம்பர் 10-லயே கதவு திறந்துடுது. ஜனவரி இல்ல பிப்ரவரியில குடுத்துடுங்க. மார்ச் ஏப்ரல்ல லீவுக்கு போறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல மோதுறாங்க, அப்ப ஸ்லாட்டுக்காக ராத்திரி பன்னெண்டு மணிக்கு வெப்சைட்டை ரிஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காரணும், நான் பட்டது அதுதான். செப்டம்பர் 22 கிளம்புறவங்களுக்கு மார்ச் 22-ல இருந்து திறக்கும், ஆனா ஜூன் கடைசி, ஜூலை முதல்ல குடுத்தா போதும். ஸ்லாட் வாங்கி தரேன்னு தனியா காசு கேக்கிற புரோக்கர்கிட்ட போகாதீங்க, அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஸ்பெயின் அங்கீகரிச்ச விசா சென்டரோட சொந்த வெப்சைட்டை மட்டும் பாருங்க.

கட்டணம் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, 6-ல இருந்து 12 வயசுக்குள்ள 45 யூரோ, 6 வயசுக்கு கீழ இலவசம், சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. விசா கிடைக்கலன்னாலும் காசு திரும்பாது.

எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்:

- பாஸ்போர்ட், திரும்பி வந்த நாளுக்கப்புறம் 3 மாசமாவது செல்லுபடியாகணும், 10 வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். பழைய பாஸ்போர்ட்டும் கூட எடுத்துட்டு போங்க.
- வெள்ளை பின்னணியில 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ.
- பேங்க் சீல் போட்ட ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், சம்பள சிலிப், ஆபீஸ்ல லீவு குடுத்த லெட்டர்.
- போக வர டிக்கெட் ரிசர்வேஷன், எல்லா ராத்திரிக்கும் தங்குற இடம். ஒரு ராத்திரி விட்டு போனாலும் கேள்வி வரும்.
- குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் உள்ள டிராவல் இன்சூரன்ஸ்.
- குழந்தைங்களுக்கு பிறப்பு சான்றிதழ், அப்பா அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும்.

பேங்க்ல எவ்வளவு இருக்கணும்னு எல்லாரும் கேக்கிறீங்க. ஸ்பெயின் வச்சிருக்கிற கணக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அவங்க ஊர் குறைஞ்சபட்ச மாச சம்பளத்துல பத்துல ஒரு பங்கு, 2025-ல அது 118 யூரோ கிட்ட. நாலு பேர் எட்டு நாள்னா பெருக்கி பாருங்க, அதுக்கு மேல கொஞ்சம் இருக்கணும். அப்ளை பண்றதுக்கு முந்தின வாரம் யார்கிட்டயோ கடன் வாங்கி மொத்தமா போட்டா ஸ்டேட்மென்ட்ல பளிச்சுன்னு தெரியும், அதை பண்ணாதீங்க.

இன்னொரு பொறி: ஸ்பெயின் ஸ்லாட் இல்லன்னு வேற நாட்டு விசா எடுத்துட்டு பார்சிலோனாலயே மொத்த நாளும் இருந்துட்டு வரலாம்னு சொல்லுவாங்க. எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். விதிய மீறினது ரெக்கார்டுல நின்னா அடுத்த விசா கஷ்டம். ஒழுங்கா போய் வந்தா 2024-ல இருந்து இந்தியர்களுக்கு மூணு வருஷத்துல ரெண்டு விசா சரியா பயன்படுத்தினதுக்கப்புறம் ரெண்டு வருஷ விசா தர ஏற்பாடு இருக்கு, அதை கெடுத்துக்காதீங்க.

5. ஃப்ளைட்

சென்னையில இருந்து நேரடி ஃப்ளைட் கிடையாது, தோஹா, துபாய், ஃப்ராங்க்ஃபர்ட் மாதிரி ஊர் வழியாதான். தோஹா, துபாய் வழியா போனா பார்சிலோனாலதான் இமிகிரேஷன். ஃப்ராங்க்ஃபர்ட் வழியா போனா அங்கயே இமிகிரேஷன் முடியும், 2025 அக்டோபர் 12-ல இருந்து எல்லையில போட்டோ எடுத்து பதிவு பண்ற புது சிஸ்டம் வந்திருக்கு, வரிசை நீளும், அதனால கனெக்ஷனுக்கு மூணு மணி நேரமாவது விடுங்க. விசா வர்ற வரைக்கும் கேன்சல் பண்ணா காசு திரும்பி வராத டிக்கெட் வாங்காதீங்க.

6. ஊர்ல முன்னாடியே புக் பண்ண வேண்டியது

சக்ராடா ஃபமிலியா டிக்கெட் ஆன்லைன்ல, நேரம் குறிச்சு. 2025-ல டவர் இல்லாம 26 யூரோ, டவரோட 36. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் போறவங்க விசா கையில வந்த அன்னைக்கே போட்டுடுங்க. பார்க் குவெல்ங்கிற பூங்காவும் அப்படித்தான். பிக்காசோ மியூசியம் மாசத்துல முதல் ஞாயிறு இலவசம், ஆனா அதுக்கும் ஆன்லைன்ல ஸ்லாட் எடுக்கணும். செலவு பாக்குறவங்க இந்த ஞாயிறு உள்ள விழற மாதிரி தேதி வைங்க.

ஏர்போர்ட்ல இருந்து ஏரோபஸ் 7 யூரோ சொச்சம், பிளாசா கட்டலூன்யாவுல இறக்கி விடும். ஊருக்குள்ள டி கேஷுவல் கார்டு, 10 பயணம், ஒருத்தர் கார்டை ரெண்டு பேர் அடிக்க முடியாது, ஏர்போர்ட் மெட்ரோ ஸ்டேஷன்லயும் செல்லாது. இது தெரியாம கேட்ல நிறைய பேர் மாட்டிட்டு நிக்கிறாங்க.

7. பெட்டியில என்ன

மே, செப்டம்பர்னா ஒரு லேசான ஜாக்கெட், மடக்கு குடை, நல்லா பழகின ஷூ. புது ஷூ வேண்டாம், அந்த கல் தரையில ஒரே நாள்ல கொப்பளம் போட்டுடும். குளிர்காலம்னா உள்ள தெர்மல் ஒரு செட், ஒரு கனமான ஜாக்கெட் போதும், பூட்ஸ் தேவையில்ல. ராம்ப்லாவுலயும் மெட்ரோலயும் பிக்பாக்கெட் எல்லா சீசன்லயும் உண்டு, கூட்டம் ஏற ஏற அதுவும் ஏறும், பாஸ்போர்ட்டை ரூம் லாக்கர்ல வச்சுட்டு காப்பி மட்டும் எடுத்துட்டு போங்க, போனை ஓட்டல் டேபிள் மேல வைக்காதீங்க.

சாப்பாட்டு நேரமும் கவனிங்க. மத்தியானம் ஒன்றரைக்கு மேலதான் அடுப்பே சூடாகும், ராத்திரி எட்டரைக்கு முன்னாடி நிறைய கிச்சன் திறக்காது. ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் பெரும்பாலும் மூடல், சனிக்கிழமையே பாலும் பழமும் வாங்கி வச்சுடுங்க. அரிசி, பருப்பு, மசாலா வேணும்னா எல் ரவால் பக்கம் நம்ம நாட்டு சாமான் விக்கிற கடைங்க இருக்கு.